தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அப்புறம்

சிவகாசிக்காரர் ஒருவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். படிக்க மாட்டார். முதலில் முகர்ந்து பார்ப்பார். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்து லேமினேஷனில் குமிழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். முதுகை விரலால் தட்டுவார். நடுவில் விரித்து, தையலா, வெறும் பசையா என்று சோதிப்பார். கடைசியாக, "மெஜந்தா கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்தைப் படித்தாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் நான் நூலகர். (சிரிக்க வேண்டாம். ஊரே சிரித்து முடித்துவிட்டது.) அதுவும் பைண்டர் மகள். அப்பாவுக்கு நாரணாபுரம் ரோட்டில் சின்ன பைண்டிங் கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மற்ற பிள்ளைகள் விளையாடப் போவார்கள். நான் நோட்டுக்கு அட்டை ஒட்டுவேன். பசை வாசம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்று அம்மா கேலி செய்வாள். நான் சொல்லப்போகும் கேவலத்துக்கு இந்தப் பைண்டர் ரத்தம்தான் முழுக் காரணம்.

எங்கள் நூலகம் சர்க்கார் நூலகம் இல்லை. தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தியது. வேல்ச்சாமி அண்ணாச்சி கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை. அண்ணாச்சிக்குப் பட்டாசு கம்பெனி. அந்த அறையை எப்போதோ ஒரு நல்ல மனநிலையில் கொடுத்துவிட்டு மறந்துபோயிருந்தார். அதில் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வயது இருபத்து மூன்று. எனக்கு ஒரு கொள்கை இருந்தது. யார் வந்து புத்தகம் கேட்டாலும் கேட்டதைக் கொடுக்க மாட்டேன். ஆளை மேலும் கீழும் பார்ப்பேன், இவருக்கு இன்னதுதான் தேவை என்று நானே முடிவு செய்வேன். கனவு இல்லாத ஆளுக்குக் கதை. கனவிலேயே மிதக்கும் ஆளுக்கு அறிவியலோ, வரலாறோ, உடம்பு பற்றியோ ஏதாவது ஒன்று. கோழி வளர்ப்பு கேட்டு வந்த மனிதருக்குக் காதல் கதை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் மறுபடி வரவே இல்லை. மனம் மாறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு திமிர்.

ஆனால் அந்த அறையை நான் உயிராக நினைத்தேன் என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டாசு ஆலைப் பெண்கள் வருவார்கள். என்னதான் தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்கும். அவர்கள் எடுத்துப் போன புத்தகம் திரும்பி வரும்போது பக்க ஓரங்களில் வெள்ளி நிறத்தில் விரல் ரேகை இருக்கும். எந்தப் பக்கம் வரை படித்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த ரேகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

தீபாவளி முடிந்த மறுவாரம் அண்ணாச்சி வந்து நின்றார். கூடவே அவர் மனைவி கனகமணி அக்கா. அண்ணாச்சி புத்தகங்களைப் பார்க்கவில்லை. அறையின் நீள அகலத்தைப் பார்த்தார்.

"தாயி, வருத்தப்படாத. கிஃப்ட் பாக்ஸ் அடுக்க எடமில்ல. பட்டாசு இல்ல, வெறும் அட்டைப் பெட்டிதான். மழைத் தண்ணி படாம வைக்கணும். பொங்கலுக்கு முன்னாடி காலி பண்ணிக் குடுத்துரு."

"அண்ணாச்சி, எம்புட்டுப் பேர் இங்கன வந்து படிக்காக தெரியுமா?"

"என்னத்தப் படிக்காக? படிச்சு என்னத்தக் கண்டாக? நான் ஒரு புத்தகம் படிச்சதில்ல. கம்பெனி நடக்கல?"

எனக்கு அழுகை முட்டியது. அழுகை முட்டினால் எனக்கு வாய் நீளும். "படிக்காமலே எப்படிச் சொல்லுவீக? ஒரே ஒரு புத்தகம் நான் தாரேன். தீபாவளி முடிஞ்சு கம்பெனிதான் இப்போ பூட்டிக் கிடக்குதுல்ல, சும்மாதான இருக்கீக. படிச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

அண்ணாச்சி வியாபாரி. சவால் என்றால் விட மாட்டார். "சரி. படிச்சு நல்லாருந்துச்சுன்னா நூலகம் இங்கனயே இருக்கட்டும். நல்லால்லேன்னா காலி பண்ணிரணும். பேச்சு மாறக் கூடாது" என்றார். போகும்போது கனகமணி அக்கா அலமாரியில் ஒரு புத்தகத்தின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் ஆளை அளந்தேன். அண்ணாச்சி: கணக்கு, சரக்கு, லோடு என்று காய்ந்துபோன மனிதர். இவருக்கு நாவல்தான். எங்களிடம் பழைய நாவல் ஒன்று இருந்தது. காதல், அரிவாள், மழை எல்லாம் உண்டு. கல்லும் கரையும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் சமைப்பது அக்கா. ஆகவே அக்காவுக்குச் சர்க்கரை நோய் பற்றிய ஒரு புத்தகம். (அக்காவுக்கு நாவல் பிடிக்குமா என்று கேட்கத் தோன்றவே இல்லை. அளந்தாகிவிட்டதே.)

இரண்டும் கிழிந்து தொங்கின. வேறு ஊர் நூலகராக இருந்தால் அப்படியே கொடுத்திருப்பார். நான் சிவகாசிக்காரி. கிழிந்த புத்தகத்தை அண்ணாச்சி கையில் கொடுத்தால் அவர் பைண்டிங்கைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவார். அப்பா கடையில் காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடந்தது. நானே செய்கிறேன் என்று இரண்டையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

புத்தகம் தனித்தனித் தாளாக இருக்காது. பதினாறு பதினாறு பக்கமாக மடித்த கட்டுகளைச் சேர்த்துத் தைத்ததுதான் புத்தகம். அந்தக் கட்டுக்குப் பாரம் என்று பெயர். இரண்டு புத்தகத்தையும் பாரம் பாரமாகப் பிரித்தேன். பழைய பசையை நனைத்துச் சுரண்டினேன். ஈரம் காய, ஒவ்வொன்றையும் இரண்டு பாதியாக்கி விசிறிக்கு அடியில் பாயில் வைத்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே எழுத்து, ஒரே பக்கக் கணக்கு. பக்கத்துக்கு மேலே புத்தகப் பெயர் கூடப் போடாத சிக்கனப் பதிப்பு. அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் வந்தார்கள். அம்மா நாலு அடுக்கையும் அள்ளி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். அவர்கள் போனதும் எடுத்து, அவளுக்குத் தெரிந்த அழகில் இரண்டு இரண்டாக அடுக்கிப் பாயில் வைத்தாள். நான் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தேன்.

அப்பா கடையில் ஒரு சட்டம் உண்டு. "எண்ணப் பாரு, எழுத்தப் பாக்காத." பைண்டிங் செய்கிறவர் படிக்க ஆரம்பித்தால் வேலை நகராது. பக்க எண் வரிசையாக வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பார்த்தேன். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு, அம்சமாக வந்தது. இரண்டு புத்தகத்திலும் வந்தது. தைத்தேன், பசை போட்டேன், முதுகுக்கும் அட்டைக்கும் நீலக் கலிக்கோத் துணி ஒட்டினேன். அப்பாவே தடவிப் பார்த்து, "முதுகு நல்லா உக்காந்திருக்கு" என்றார். அந்த வார்த்தைக்கு நான் இரண்டு நாள் மிதந்தேன்.

கொடுத்துவிட்டு வேவு பார்த்தேன். ஒரு நாள் விடியற்காலையில் ஆனைக்குட்டம் ரோட்டில் அண்ணாச்சி கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தனியாக நடந்துபோனார். முகத்தில் ஏதோ யோசனை. எனக்குப் புல்லரித்தது. காதல் கதை மனிதரை உலுக்கிவிட்டது, தூக்கம் வராமல் நடக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் இருக்கன்குடி கோவிலில் கனகமணி அக்காவைப் பார்த்தேன். கண் சிவந்து வீங்கியிருந்தது. "என்னக்கா, அழுதீகளா?" என்றேன். "நீ குடுத்த புத்தகத்தாலதான்" என்று மூக்கைச் சிந்தினார். பாவம், சர்க்கரை வியாதி என்றால் இவ்வளவு பயமா என்று நானே அவரைத் தேற்றினேன். "பயப்படாதீக, கட்டுப்பாடா இருந்தா ஒண்ணும் செய்யாது." அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. அண்ணாச்சி முடிவு சொல்ல வருகிறார் என்று தெருவே நூலகத்தில் கூடிவிட்டது. ஆலைப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா துவைத்த சட்டையோடு முன்வரிசையில். அண்ணாச்சி நீலப் புத்தகத்தை மேசைமேல் வைத்துத் தொண்டையைக் கனைத்தார்.

"நான் மேடையில பேசிப் பழக்கமில்ல. படிச்சதச் சொல்றேன். தேவகின்னு ஒரு புள்ள. ரங்கன்னு ஒருத்தன், ரயிலடியில டிக்கெட் குடுக்கிறவன். ரெண்டு பேருக்கும் பழக்கமாயிருது. புள்ளயோட அண்ணன் அருவாளத் தூக்கிட்டு வெரட்றான். இவன் ஓடிப்போயி ஒரு பம்புசெட்டு ரூம்புக்குள்ள ஒளிஞ்சுக்கிர்றான். கொட்டுது மழை. கதவு தொறக்கு. வாசல்ல நிக்கிறது யாரு?"

"யாரு அண்ணாச்சி?" என்றது கூட்டம்.

"டாக்டரு."

கூட்டம் தலையாட்டியது. நானும் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த நாவலை நான் படித்திருக்கிறேன். அதில் டாக்டர் கிடையாது. கம்பவுண்டர் கூடக் கிடையாது.

"டாக்டரு உள்ள வந்ததும் மொதல்ல அவன் காலப் பாக்காரு. ஓடி வந்த கால் பாருங்க. 'பாதத்தில் சிறு புண் என்றாலும் அலட்சியம் கூடாது'ன்னு சொல்றாரு. எம்புட்டுப் பொருத்தம். அதுக்கப்புறம் காலையில நடக்கணும், வெந்தயத்த ஊற வச்சுத் திங்கணும்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுக்காரு. ரங்கன் வாயத் தொறக்கல. அம்புட்டுப் பணிவு."

"அருவாளோட வந்த அண்ணன் எங்கன போனான்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"அவனும் ஒரு ஓரமா உக்காந்து கேட்டிருப்பான். 'கோபம் சர்க்கரையை ஏற்றும்'னு அதுலயே போட்டிருக்கே. எழுத்தாளர் எல்லாத்தையுமா சொல்லுவாரு? நாமதான் யூகிச்சுக்கிடணும்."

"கல்யாணம் ஆச்சா அண்ணாச்சி?"

"நேரடியாச் சொல்லல. ஆனா கடைசியில 'குடும்பத்தினரின் ஒத்துழைப்பு மிக அவசியம்'னு முடிக்காரு. ரெண்டு வீட்டுலயும் சம்மதம்னுதான அர்த்தம்?"

என்ன நடந்திருக்கிறது என்று பாதி புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்க முடியுமா? அண்ணாச்சி முகம் அப்படி மலர்ந்திருந்தது. "நான் அந்த ரங்கன் மாதிரியே நடந்து பாத்தேன். ஒடம்பு லேசாயிருச்சு. சர்க்கரையும் கொறஞ்சிருக்கு. ஒரு கதைக்குள்ள இம்புட்டு விசயம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. அதனால, பேசின பேச்சுப்படி, நூலகம் இங்கனயே…"

'இருக்கட்டும்' என்ற ஒரு சொல்தான் பாக்கி. நான் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கனகமணி அக்கா எழுந்தார்.

"இங்கேருங்க. வாசல்ல நின்னது டாக்டரு இல்ல. தேவகி."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ படிச்சது சாப்பாட்டுப் புத்தகம்ல?"

"அந்தச் சாப்பாட்டுப் புத்தகத்துலதான் வாரா." அக்கா தன் நீலப் புத்தகத்தை விரித்து வாசித்தார். "'இரவு உணவு முடிந்தவுடன் படுக்கக் கூடாது. அதை மீறினால் உங்களைத் தேடி வருவது', இது இந்தப் பக்கம். எதிர்ப் பக்கத்துல, 'தேவகிதான். அவள் கையில் அண்ணனின் அரிவாள்.' நான் என்னத்த நெனைக்க? அன்னையிலருந்து இவுகளச் சாப்பிட்டதும் படுக்க விடலியே நானு."

அப்புறம் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும், கல்லூரிப் பக்கமே போகாதவர்கள் உட்பட, ஒரே குரலில் சொன்னார்கள்: "பாரம் மாறிருக்கு."

சிவகாசியில் கூட்டம் போட்டால் இதுதான் தொல்லை. வேறு ஊராக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், நவீன இலக்கியம் என்றாவது அடித்துவிட்டிருப்பேன். இங்கே எல்லோருக்கும் நோயும் தெரியும், நோய்க்குக் காரணமும் தெரியும். இரண்டு புத்தகமும் கை மாறி, வரிசை வரிசையாகப் போயின. தொண்ணூற்றாறாம் பக்கத்தில் திறந்து பார்த்து ஒவ்வொருவராக உச்சுக் கொட்டினார்கள். அண்ணாச்சி முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் ஒரு மனிதரைத் தலைகுனிய வைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பைண்டிங் யாரு?"

எல்லாக் கண்ணும் அப்பா மேல். அப்பா என்னைப் பார்த்தார். பசைக் கையோடு எழுந்த மாதிரி விரல்களை விரித்துக்கொண்டு எழுந்தேன். "நான்தான் அண்ணாச்சி. எண்ணத்தான் பாத்தேன், எழுத்தப் பாக்கல."

"அப்போ நான் படிச்சது ரெண்டு புத்தகத்துல பாதிப் பாதி."

"ஆமா அண்ணாச்சி."

"அரைக் கதையப் படிச்சிட்டு முழு முடிவு சொல்ல மாட்டேன். அவ புத்தகத்தக் குடு. அடுத்த ஞாயித்துக்கெழமை சொல்றேன்." அக்கா கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் எனக்குப் பொங்கல் இனிக்கவில்லை. அப்பா திட்டவே இல்லை, அதுதான் கொடுமை. சாப்பிடும்போது மட்டும் தட்டைத் தூக்கிப் பார்த்து, "இது சோறுதான? அடியில வேற எதுவும் மாறி வந்துரலையே?" என்பார். (இன்றைக்கு என் கணவர் வரை அந்தக் கேள்வி கைமாறி வந்துவிட்டது.) நான் ஒரு நாள் நூலகக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வெள்ளி ரேகைப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினேன். அடுக்க அடுக்க அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே கூட்டம். அண்ணாச்சி முகத்தில் மலர்ச்சி இல்லை.

"படிச்சிட்டேன். அந்தப் பய கடைசியில ரயிலேறித் தனியாப் போயிர்றான். தேவகி கொள்ளையழுகை அழுறா. இது ஒரு கதையா? டாக்டரு வந்திருந்தா அவன் ஊரோட இருந்திருப்பான். தாயி, நீ மாத்தித் தச்சதுதான் கதை. அவரு எழுதினது நல்லால்ல."

"நல்லால்லேன்னா?" என்றேன்.

"பேசின பேச்சுதான். எனக்கு மட்டும் ஆசையா? நல்லால்லேன்னா காலின்னு இத்தனை பேர் முன்னால சொல்லிருக்கேன்ல?"

ஆலைப் பெண்களில் ஒருத்தி தன் கையிலிருந்த புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பெட்டி கட்டியது சரியாகத்தான் போயிற்று என்று நினைத்து நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு நல்லாருந்துச்சு" என்றார் கனகமணி அக்கா.

"ஒன்னய யாரு கேட்டா?"

"கேட்டிருக்கணும்ல. கட்டடம் எங்க அய்யா எனக்குச் சீரா குடுத்தது. பத்திரம் எம் பேர்லதான இருக்கு."

அத்தனை வருடமாக ஊரே அதை அண்ணாச்சி கட்டடம் என்றுதான் சொல்லிவந்தது. அண்ணாச்சியும் அப்படித்தான் நம்பிவிட்டார் போல. அவர் கூரையைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், "ஆமா" என்றார்.

"அந்தப் புள்ள அழுத அழுகைக்கு நானும் இருந்து அழுதிருக்கேன். இனிமே வாராவாரம் வருவேன். செல்வி, எனக்குச் சாப்பாட்டுப் புத்தகம் வேண்டாம்" என்றார் அக்கா என்னிடம். ஆளை அளக்கும் என் வித்தை அன்றோடு முடிந்தது. இப்போதெல்லாம் யார் வந்தாலும், "என்ன வேணும், சொல்லுங்க" என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இது நடந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. நூலகம் அங்கேயேதான் இருக்கிறது. கிஃப்ட் பாக்ஸ் பெட்டிகள் அண்ணாச்சி வீட்டு ஹாலுக்குப் போய்விட்டன. அக்கா நாவலாகத் தின்று தீர்க்கிறார். அண்ணாச்சி கதைப் பக்கம் திரும்புவதில்லை. உடம்பு, சட்டம், வரி என்று கேட்டு வாங்கிப் போகிறார். போன சீசனுக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூரை வரை அட்டைப் பெட்டி. நடக்க ஒரு சந்து, ஒரு நாற்காலி போட இடம். அந்த நாற்காலியில் மூக்குக் கண்ணாடியோடு அண்ணாச்சி, மடியில் சொத்துச் சட்டம் பற்றி நான் கொடுத்த தடித்த புத்தகம்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு மும்முரம்?" என்றேன்.

அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ பேர்ல இன்னும் என்னென்ன இருக்குன்னு தெரியல தாயி. அதான் படிச்சுக்கிட்டே இருக்கேன்."